சிவஞானம் காலியாக விட்ட வரி

செய்தி வந்தபோது நான் ஜாடிச் சோதனையில் நின்றுகொண்டிருந்தேன். ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு படிகாரம். ஆறிலும் துடுப்புகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. சிவஞானத்தின் மனைவி சகுந்தலா அக்காவின் குரல் பதிவு. "தம்பி, அவரு காலையில போய்ட்டாரு." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

எந்திரத்தை நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்திய சோதனையைப் பார்த்தால் சிவஞானம் என்ன கத்துக் கத்துவார் என்று அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துடுப்புகள் ஓயும்வரை நின்றேன். கசடு அடியில் உட்காரும்வரை காத்திருந்தேன். ஆறு குவளைக்கும் அளவெடுத்துத் தாளில் குறித்தேன். நான்காவது குவளைதான் நன்றாகத் தெளிந்திருந்தது. அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் தண்ணீர் நிலையத்தில் அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்; நான் மருந்து கலக்கும் பிரிவில். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அப்பா லாபிஸ் ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், பூர்வீகம் யாழ்ப்பாணம். நான் எஸ்டேட்டில் பிறந்தவன். "உங்க தாத்தா பேனா புடிச்சி வந்தாரு, எங்க தாத்தா மண்வெட்டி புடிச்சி வந்தாரு" என்று நான் சீண்டுவேன். "ரெண்டு பேரும் இப்ப ஒரே தண்ணிக்குத்தான் காவல் லா, கவிஞரே" என்பார். நான் ஒரு நாளும் கவிதை எழுதியவன் அல்ல. நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்பில் தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பத்தி எழுதி வந்தேன், அவ்வளவுதான். ஆனால் அவர் வாயில் அந்தப் பட்டம் விழுந்தால் விழுந்ததுதான்.

அவரிடம் யார் என்ன சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றே. "பண்ணிப் பாத்தியா?" எலுமிச்சம்பழம் துருவைப் போக்கும் என்றாலும் அதேதான், புது வகை அரிசி சீக்கிரம் வேகும் என்றாலும் அதேதான். மேலதிகாரிகளிடமும் இதையே மலாயில் பணிவாகக் கேட்பார். அதனால்தான் பதவி உயர்வு அவரைத் தேடி வரவில்லை என்று நிலையத்தில் பேச்சு. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சொற்களின் பக்கம் அவர் வந்ததே கோபத்தால்தான். ஒப்பந்த வேலைக்குத் தமிழ்த் தோழர்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். மலாய்க் கையேட்டைத் தமிழில் அவர்களுக்கு விளக்கச் சொல்லி என்னை நிறுத்தினார்கள். தொட்டியா, "சுத்தம் பண்றது". மணல் படுக்கையா, "சுத்தம் பண்றது". குளோரினா, அதுவும் "சுத்தம் பண்றது". பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிவஞானம் எழுந்துவிட்டார்.

"அலமாக்! மூணும் மூணு வேலையா. தொட்டி மண்ண உக்கார வைக்கிது. மணல் மிச்சத்தப் புடிக்கிது. குளோரின் கிருமியக் கொல்லுது. ஒரே வார்த்தைய வச்சி மூணையும் அடிச்சா, ஆளு எந்த வால்வத் தெறப்பான்?"

"தமிழ்ல வேற வார்த்தை இல்லயே" என்றேன், பத்தி எழுதுகிற திமிரோடு.

"தேடிப் பாத்தியா?"

மறுவாரமே நீலநிற அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றோடு வந்தார். தமிழ் படித்த பண்டிதர் அல்லர் அவர். ஆறாம் வகுப்பு வரைதான் தமிழ்ப்பள்ளி. பழைய அகராதியைப் புரட்டிப் புரட்டி, கேண்டீனில் கேட்டுக் கேட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வினைச்சொல்லாக எழுதியிருந்தார். அரிசியைத் தண்ணீரில் அலசிக் கல்லைப் பிரித்தால் அரிப்பது. சோற்றிலிருந்து கஞ்சியைப் பிரித்தால் வடிப்பது. துணி வழியே போனால் வடிகட்டுவது. அடியில் மண்டி கிடக்க மேலே உள்ளதை மட்டும் சாய்த்து ஊற்றினால் இறுப்பது. கலங்கலைத் தெளிய வைத்தால் தேற்றுவது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எடுத்துக்காட்டு, சொன்னவர் பெயர், சொன்ன இடம். எடுத்துக்காட்டு புத்தகத்திலிருந்து வரக்கூடாது, ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பது அவர் சட்டம். 'இறு'வுக்குக் கீழே, "கசாயத்த இறுத்துக் குடு, மண்டி தொண்டையில நிக்கிது" என்று எழுதி, சகுந்தலா, வீட்டுச் சமையலறை என்று குறித்திருந்தார்.

'தேற்று' பக்கத்தில் மட்டும் எடுத்துக்காட்டு இல்லை. கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தார். பரீட்சையில் தேறினான் என்கிறோம், உடம்பு தேறிவிட்டது என்கிறோம், அழுகிறவரைத் தேற்றுகிறோம். தண்ணீரைத் தேற்றியதாகச் சொல்ல ஜொகூரில் அவருக்கு ஒரு வாய்கூட அகப்படவில்லை. உறவுகள்தான் அகப்பட்டன. கேண்டீன் நடத்தும் மலையாளி குட்டன் அண்ணன், கிணற்றில் போடும் கொட்டையை அவர் வீட்டுப் பெரியவர்கள் 'தேற்றாம்பரல்' என்பார்கள் என்றார். பாசிர் கூடாங்கிலிருந்து மருந்து லாரி ஓட்டி வரும் தெலுங்கரான அப்பாராவ், கலங்கிய தண்ணீர் தெளிந்தால் 'தேரிந்தி' என்போம் என்றார். சிவஞானம் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தார். "மூணு வீட்டுலயும் ஒரே வேர்யா! பிரிஞ்சி போறதுக்கு முன்னயே தண்ணி கலங்கியிருக்கு பாரு!" பழைய பாட்டுகளில் வரும் 'தேறல்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான், தெளிந்த கள் என்று பொருள் என்று நான் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஆளுங்க தண்ணியத் தேத்துனதவிடக் கள்ளத் தேத்துனதுதான் ஜாஸ்தி போல."

இனி நான் சொல்லப்போவது என் தவறு. அவரைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் சேர்த்த செய்தியை வைத்து என் பத்தியில் 'தேற்று' பற்றி எழுதினேன். வேரைப் பற்றி எழுதினேன், தேறலைப் பற்றி எழுதினேன், தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்த வழக்கத்தை எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொட்டையாலும் படிகாரத்தாலும் நீரைத் தேற்றித் தூய்மையாக்கிப் பருகிய நம் முன்னோருக்கு அடுப்பின் துணைகூடத் தேவைப்படவில்லை" என்று முடித்தேன். இத்தனை வருடம் தண்ணீர் நிலையத்தில் குப்பை கொட்டியவன் எழுதக்கூடிய வாக்கியமா இது? கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாக்கியம் அழகாக விழுந்துவிட்டது, எடுக்க மனம் வரவில்லை. தமிழ்ப் பெருமை பேசும்போது எனக்கு அப்படி ஒரு போதை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஆறு ஏறி நிலையத்தை மூடினோம். குழாய்களில் தண்ணீர் வருவது நின்றது. ஆற்றின் இந்தப் பக்கம் உள்ள எஸ்டேட் ஒன்றில் முனியாண்டி என்பவர், கிணற்றுத் தண்ணீரில் படிகாரம் கலந்தார். எங்கள் பக்கம் அதைத் தவாஸ் என்றால்தான் கடையில் கொடுப்பார்கள். தண்ணீர் தெளிந்தது. காய்ச்சாமல் குடித்தார். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். ஏன் காய்ச்சவில்லை என்று கேட்ட தாதியிடம் அவர் பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். அது என் பத்தி. அந்தத் தாதி சகுந்தலா அக்காவின் தங்கை.

சிவஞானம் காரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏறு" என்றார். வண்டி முனியாண்டியின் எஸ்டேட்டுக்குப் போனது.

முனியாண்டி வீடு திரும்பியிருந்தார், உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவி தனலெட்சுமி வாசலுக்கு வந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்கதானா சார் அது! எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம ஆனா மொதல்ல உங்களோடதத்தான் படிப்பாரு. வெட்டி வெட்டி வச்சிருக்காரு. உள்ள வாங்க, சூடாத் தேத்தண்ணி போடுறேன்."

நான் சிவஞானத்தைப் பார்த்தேன். அவர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காகப் பேச மாட்டார் என்று புரிந்தது. நானே சொன்னேன். நான் எழுதியது தப்பு, தப்பென்று தெரிந்தே எழுதினேன், உங்கள் வீட்டுக்காரர் படுத்ததற்கு நான்தான் காரணம் என்றேன்.

அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சி சார். நான்கூடக் காய்ச்சலாம்னுதான் சொன்னேன். பேப்பர்லயே போட்டிருக்குன்னாரு." குரல் உடைந்தது. "படிச்சவங்க எழுதுனா நாங்க நம்பிருவோம் சார். பாத்து எழுதக் கூடாதா?"

திரும்பி வரும்போது, இனி எழுதப் போவதில்லை, அந்தச் சொல்லையும் குறிப்பேட்டிலிருந்து கிழித்துப் போடுங்கள் என்றேன். சிவஞானம் வண்டியை ஓரம் கட்டினார்.

"வார்த்தை என்னய்யா பாவம் பண்ணுச்சி? தெளிய வைக்கிறதுதான் அதோட வேல. நீதான் அது தலையில குளோரின் வேலையையும் சேத்து ஏத்துன. போய்த் திருத்தி எழுது. மன்னிப்பு மொத வரியில இருக்கணும், கடசியில இல்ல."

எழுதினேன். அனுப்புவதற்கு முன் வாங்கிப் படித்து மூன்று அடைமொழிகளை அடித்தார். "அழறப்பக்கூட உனக்கு அலங்காரம் வேணுமா?" என்றார்.

மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போன மைத்துனரிடம் சொல்லி ஒரு பொட்டலம் தேற்றாங்கொட்டை வரவழைத்தார். சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பு நிறத்தில், கல்போல இருந்தன. நாங்கள் இருவரும் என்ன செய்தோம் தெரியுமா? ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று கொட்டைகளைப் போட்டு, எந்திரத்தை முடுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கொட்டைகள் அடியில் கடகடவென்று உருண்டன. தண்ணீர் தேநீர் நிறத்தில் அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. "பாத்தீங்களா, எல்லாம் கட்டுக்கதை" என்றேன், பாதி வருத்தமும் பாதி நிம்மதியுமாக.

அவர் என் பழைய பத்தியை எடுத்து வந்து மேசையில் போட்டார். "ஐயா நீங்களே எழுதியிருக்கீங்க, பானையின் உட்புறம் தேய்த்து. இங்க யாரு தேச்சா? பானை எங்க?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் குட்டன் அண்ணன் கேண்டீனிலிருந்து எட்டிப் பார்த்தார். எதைக் கண்டாலும் எந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டே பழகிய கைகள். வழவழப்பான கண்ணாடியில் அந்தக் கொட்டை எப்படிக் கரையும்?

பொங்கலுக்கு வாங்கி வைத்த மண்பானையைச் சகுந்தலா அக்காவிடம் கெஞ்சிக் கொண்டு வந்தார். சொரசொரப்பான உட்புறத்தில் கொட்டையைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். பால்போல ஒரு விழுது வந்தது. ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி மூடினோம். காலையில் வைத்தது, மதிய உணவுக்குப் பிறகு திறந்தோம். பானையின் அடி தெரிந்தது. சிவஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்தத் தண்ணீரில் ஒரு குப்பி எடுத்துக் கிருமிச் சோதனைக்கு வைத்தார். கிருமி இருந்தது. "சரியாச் சொல்லியிருக்கு வார்த்தை. தெளிஞ்சது வேற, சுத்தமானது வேற" என்றார். அவருக்கு இரண்டு முடிவுகளும் ஒரே அளவு சந்தோஷம்.

அந்தப் பானையைத் தனலெட்சுமியின் எஸ்டேட்டுக்கே கொண்டுபோனோம். கோயில் மண்டபத்தில் அடுப்பும் வைத்துக் காட்டினோம். கொட்டை எல்லாருக்கும் கிடைக்காது, தவாஸ் போதும் என்றார் சிவஞானம். "இவ்வளவு நேரம் காத்துருந்தும் குடிக்கக் கூடாதா?" என்று தனலெட்சுமிதான் கேட்டார். "தேத்துறது பாதி வேலைம்மா. மீதி பாதி அடுப்புல இருக்கு" என்றார் சிவஞானம். அந்த அம்மா அதை முன்வரிசையில் இருந்தவர்களுக்கு உரக்கத் திருப்பிச் சொன்னார். முனியாண்டியும் வந்திருந்தார். என் கையைப் பிடித்து, "மறுபடி எழுதுங்க சார், ஆனா பாத்து" என்றார்.

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "எடுத்துக்காட்டு கெடச்சிருச்சி! அந்தம்மா தேத்துறதுன்னு சொன்னாங்க, எழுதுங்க!"

"அது கள்ளாட்டம். நாம சொல்லிக் குடுத்து, நம்ம மூஞ்சியப் பாத்து சொல்றது சேராது. நாம இல்லாத எடத்துல, நம்மளத் தெரியாத ஆளு, வேல நடக்குறப்ப சொல்லணும். அப்பத்தான் வார்த்தை உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

வரி காலியாகவே இருந்தது.

சென்ற ஆண்டு அவர் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை அவருடைய இரத்தத்தை எந்திரம் அலசியது. படுத்தபடியே அந்தக் குழாய்களையும் வடிகட்டியையும் தாதியர்களிடம் நோண்டி நோண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசியாகப் பார்த்த அன்று, "கவலப்படாதீங்க, தேறி வந்துருவீங்க" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். "அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு. நீ பாத்துக்க" என்றார். நான் வேறு பேச்சுக்குத் தாவினேன். தாவியிருக்கக் கூடாது. சரி என்றாவது சொல்லியிருக்கலாம்.

காரியம் முடிந்த அன்று சகுந்தலா அக்கா நீல அட்டைக் குறிப்பேட்டை என் கையில் வைத்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி. பானைய மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க, பொங்கல் வருது" என்றார். அழுதுகொண்டே இருவரும் சிரித்தோம்.

அவருடைய முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வருவதற்குள் ஆறு மறுபடி ஏறியது. நான் தண்ணீர் லாரியோடு ஆற்றின் அந்தப் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்துக்குப் போனேன். மக்கள் முதல் நாள் மாலையே வந்து தங்கியிருந்தார்கள். லாரி தாமதமாகும் என்று யாரோ சொல்லியிருக்க, பெண்கள் தாங்களாகவே பீப்பாய்களில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துத் தவாஸ் கலக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று அடுப்புகள் எரிந்தன. நான் மழைச்சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் கப்பை எடுத்துப் பீப்பாய்க்குள் விட்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஒரு சத்தம் போட்டார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

பின்னர் அருகே போய்ப் பெயர் கேட்டேன். பூங்கோதை. தனலெட்சுமியைத் தெரியுமா என்றேன், தெரியாது என்றார். சிவஞானம் என்று ஒருவரைக் கேள்விப்பட்டதுண்டா என்றேன், அதுவும் இல்லை.

"இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களேம்மா, அது எங்க கேட்டது?"

"எந்த வார்த்தை? எங்கயும் கேக்கல சார். அப்படித்தான் சொல்றது. வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அந்தச் சொல் யார் யார் வாய் வழியாக ஆற்றைக் கடந்தது என்று எனக்குத் தெரியாது. லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பிரித்தேன். சிவா, நீங்கள் இருந்திருந்தால் முதலில் "நல்லாக் கேட்டியா?" என்பீர்கள். நன்றாகக் கேட்டேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியையும் இந்தப் பக்கத்தையும்தான். உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தில், ஓர் அடைமொழிகூட இல்லாமல், நீங்கள் விட்ட வரியை நிரப்பியிருக்கிறேன்:

எடுத்துக்காட்டு: "ஏங்க, அது தேத்துன தண்ணிதான், இன்னும் காய்ச்சல. கப்பக் கீழ வைங்க."

சொன்னவர்: பூங்கோதை. இடம்: பள்ளி மண்டபம், அடுப்படி. அவர் கணவர் கப்பைக் கீழே வைத்தார்.